அதே பாட்டு, வேறு வாய்: கவர் பாட்டுகள் பற்றி எங்கள் கூடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் மாதக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பாடுகிறோம். கிடார் ஒன்று, கீபோர்டு ஒன்று, யாராவது தூக்கிக்கொண்டு வந்தால் தபலா. ஏற்கனவே ஒருவர் பாடி எல்லோருக்கும் தெரிந்த பாட்டைத்தான் பாட வேண்டும், ஆனால் அவர் பாடிய மாதிரியே பாடக் கூடாது. எங்கள் கூடலுக்கு இருக்கும் ஒரே கட்டுப்பாடு இது. புதிதாக வருகிறவர்கள் சால்வையை மடித்து வைப்பதற்குள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கவர், ரீமிக்ஸ், உல்டா எல்லாம் ஒன்றுதானா?

பழைய ஒலிப்பதிவையே எடுத்து அதன்மேல் புதுத் தாளத்தை ஏற்றினால் ரீமிக்ஸ். பாட்டை முதலிலிருந்து வேறொருவர் பாடி, புதிதாக வாசித்தால் கவர். மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேறு சொற்களைப் போட்டால் சிலர் அதை உல்டா என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. ஏன் என்று பாதயாத்திரைக் கேள்வியில் சொல்கிறேன்.

நடைமுறையில் இந்தப் பெயர்கள் எல்லாம் குழம்பித்தான் கிடக்கின்றன. 'தொட்டால் பூ மலரும்' 1964-ல் 'படகோட்டி'க்காக வாலி எழுதியது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடினார்கள். 40 வருஷம் கழித்து, 2004-ல், 'நியூ' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஹரிஹரனும் ஹரிணியும் பாடினார்கள். ஊரே அதை ரீமிக்ஸ் என்கிறது. கேட்டுப் பாருங்கள், வாலியின் சொற்கள் அப்படியே இருக்கின்றன, மெட்டு முழுக்க வேறு. பழையதில் ஒருவரையொருவர் சீண்டுகிற துள்ளல். புதியதில் பக்கத்தில் இருப்பவர் காதுக்கு மட்டும் எட்டுகிற குரல். சொல் மாறாமலே இரண்டு வேறு இரவுகள். இதற்குச் சரியான பெயர் என்ன என்று எங்கள் கூடலில் ஒருமுறை ஒரு மணி நேரம் பேசினோம், முடிவுக்கு வரவில்லை.

ஒரு கவர் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பாட்டுக்குள்ளே ஒரு 'நான்' இருக்கிறதே, அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். குரல் நன்றாக இருக்கிறதா, கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) சுத்தமாக விழுகிறதா என்பதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

இதை எனக்குப் புரியவைத்தது 'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டு. கொடைக்கானலில் 1901-லிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் இருப்பதால், ஊருக்குள் கிடாரும் ஆங்கிலப் பாட்டும் ரொம்ப நாளாகவே புழங்குகின்றன. எனக்கும் அப்படித்தான் இந்தப் பாட்டு வந்து சேர்ந்தது. எழுதி முதலில் பாடியவர் ஓட்டிஸ் ரெட்டிங், 1965-ல். வெளியே உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஆண், எனக்குரிய மரியாதையைக் கொடு என்று மனைவியிடம் கேட்கிறான். நல்ல பாட்டுதான். 1967-ல் அரீத்தா ஃபிராங்க்ளின் இதைப் பாடினார். இப்போது கேட்பவள் பெண். கெஞ்சல் போய்விட்டது. மரியாதை என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகக் கூட்டிச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற இடம் ரெட்டிங்கின் பாட்டில் கிடையாது, அது அரீத்தா சேர்த்தது. பின்னால் அவருடைய தங்கையும் அக்காவும் குரல் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வாசலில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். அமெரிக்காவில் கறுப்பின மக்களும் பெண்களும் அதைத் தங்கள் போராட்டப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தப் பாட்டை ஆண் குரலில் நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்தது 'ஹர்ட்'. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் 1994-ல் பாடியது. முப்பது வயதுகூட ஆகாத ஒருவரின் வலி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் வலி. 2002-ல் ஜானி கேஷ் அதைப் பாடினார். அப்போது அவருக்கு 70 வயது, உடம்பு முடியாத நிலை, அடுத்த வருஷமே இறந்துவிட்டார். சொற்கள் ஏறக்குறைய அவையேதான். ஆனால் எல்லாம் ஒருநாள் போய்விடும் என்று ஓர் இளைஞர் சொல்வதும், போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தபடி ஒரு கிழவர் சொல்வதும் ஒன்றா? கேஷ் மாற்றியது ஒரு சொல்லைத்தான். மூலத்தில் கிரீடத்தோடு ஒட்டி ஒரு கெட்ட வார்த்தை வரும். அவர் அதை முள்முடி ஆக்கிவிட்டார். இங்கே தவக்காலத்தில் சிலுவைப்பாதை போகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஒரு சொல் என்ன செய்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கவரை முதல்முறை இங்கே போட்டுக் கேட்ட அன்று, அதற்குப் பிறகு யாரும் பாட முன்வரவில்லை. டீ குடித்துவிட்டுக் கலைந்துவிட்டோம்.

அதெல்லாம் இங்கிலீஷ் பாட்டு. நம் பாட்டில் அப்படி உண்டா?

நிறைய. நாம்தான் அவற்றைக் கவர் என்று நினைப்பதில்லை.

'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா' எப்படிப் பாடுவீர்கள்? வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். நீங்கள் பாடியது 1951-ல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர்.சுப்பராமன் பல ராகங்களைக் கோத்துப் போட்ட ராகமாலிகை. எம்.எல்.வசந்தகுமாரியும் வி.என்.சுந்தரமும் பாடியது. பாரதி தன் பாட்டின் தலையில் எழுதி வைத்தது பைரவி ராகம், ரூபக தாளம். அவர் மனசில் ஓடியது வேறு பாட்டு! இன்றைக்குத் தாலாட்டாகவும், பள்ளி ஆண்டுவிழாவிலும், கச்சேரி முடிவில் துக்கடா என்கிற சின்னப் பாட்டாகவும் தமிழ்நாடு முழுக்கப் பாடுவது பாரதி இறந்து 30 வருஷம் கழித்து வந்த மெட்டை. காப்பி ராகத்தில் தொடங்கும் அந்த மெட்டு இல்லாமல் இந்தப் பாட்டை நினைக்க முடிகிறதா? எனக்கு முடியவில்லை. பைரவியில் பாட ஒருமுறை முயன்றோம். பைரவியின் கனம் ஏறியதும் குழந்தையைக் கொஞ்சுவது போய் பராசக்தியைத் தொழுவது மேலே வந்தது. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்றுதானே பாரதியும் குறிப்பு எழுதியிருக்கிறார். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

திருப்புகழும் அப்படியே. 'முத்தைத்தரு' என்று ஆரம்பித்தாலே நம் காதில் ஒலிப்பது 1964-ல் வந்த 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.எஸ். பாடிய விதம். அருணகிரியார் விட்டுப்போனது சந்தத்தை, அதாவது சொற்களின் தாள ஓட்டத்தை. சந்தம் ஏட்டில் இருக்கிறது, மெட்டைக் காலம் வேறு வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டது.

கர்நாடக சங்கீதத்தில் எல்லாமே கவர்தானே?

ஒரு வகையில் ஆமாம். ஆனால் அங்கே பாடகர் மாறுவதுதான் முறை, யாரும் அதைத் தனியாகக் கவனிப்பதில்லை. ராகத்தையே மாற்றினால் அப்போதுதான் சலசலப்பு வரும். 1985-ல் 'சிந்து பைரவி'யில் இளையராஜா அதைச் செய்தார். 'பாடறியேன் படிப்பறியேன்' என்று கிராமத்துப் பெண்ணாகத் தொடங்கும் பாட்டு, போகப்போக தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய் முடியும். கச்சேரியில் அந்தக் கீர்த்தனை காம்போதி ராகம். அவர் அதைச் சாரமதியில் வைத்தார். அதுவரை நாட்டுப்பாட்டு நடந்துவந்த சுரங்களின்மேலேயே கீர்த்தனை வந்து உட்கார்ந்துவிடும், ஒட்டு தெரியாது. நீ பாடுவதும் நான் பாடுவதும் ஒரே சுரம் என்று சபைக்கு முன்னால் அந்தப் பெண் வாதாடுகிறாள், வாதத்தை முடித்துவைப்பது ராகம். சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. இது கவரா என்று யாராவது கேட்டால், நான் பார்த்ததிலேயே துணிச்சலான கவர் என்பேன்.

பாதயாத்திரைக்காரர்கள் சினிமா மெட்டில் முருகனைப் பாடுகிறார்களே, அதையுமா சேர்ப்பீர்கள்?

சேர்ப்பேன். எனக்குப் பாட்டு என்று ஒன்று முதலில் காதில் விழுந்ததே அப்படித்தான்.

மேல்மலைக் கிராமங்களிலிருந்து தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடந்து இறங்குவார்கள். கொடைக்கானலிலிருந்து சாலை வழியே 65 கிலோமீட்டர் போல வரும். பூம்பாறையில் எங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் எல்லோரும் போவார்கள். எட்டு வயதில் பெருமாள்மலை வரைக்கும் நானும் நடந்திருக்கிறேன். முன்னால் போகிறவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், பின்னால் வருகிறவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். அதில் 'செந்தூர் வேலா' என்று ஆரம்பிக்கும் பாட்டு ஒன்று. கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது முன்வரிசை பாடுவது மேலேயும் பின்வரிசை பாடுவது கீழேயுமாகக் கேட்கும். உள்ளங்கால் கொப்புளத்தோடு நடக்கிற பெண்கள், வேலா என்கிற இடத்தை நீட்டிப் பாடுவார்கள். அந்த நீட்டலில் அழுகையும் இருக்கும்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் கொடைக்கானல் பண்பலை 100.5-ல் அதே மெட்டு வந்தது. எஸ்.ஜானகி, 'செந்தூரப் பூவே'. நான் அதிர்ந்து போனேன். எங்கள் முருகன் பாட்டை யாரோ எடுத்துக் காதல் பாட்டாக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்! 1977-ல் '16 வயதினிலே'க்காக கங்கை அமரன் எழுதியது, ஜானகிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். படத்தில் ஒரு கிராமத்துப் பெண் தனக்கு வரப்போகிற ஒருவனுக்காகக் காத்திருந்து பூவிடம் சேதி கேட்கிறாள். நடந்து வருகிறவர்களும் ஒருவனைப் பார்க்கக் காத்திருந்தவர்கள்தான். அந்த மெட்டைத் தேர்ந்தெடுத்த முன்வரிசைக்காரருக்கு அந்தக் காத்திருப்பு தெரிந்திருக்கிறது. தாளத்தை மட்டும் அவர் மாற்றிவிட்டார். படத்தில் ஊஞ்சல் மாதிரி ஆடும் நடை, பாதையில் இடது வலது, இடது வலது.

இது புதுப் பழக்கமும் இல்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடிய காவடிச் சிந்து 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த நடையில் வேறு வேறு சொற்களைப் போட்டுப் பாடாத காவடிக் கூட்டம் உண்டா? ஒரு மெட்டு தோளில் காவடியோடு நடக்கிறவனுக்கு மூச்சு கொடுக்கிறது என்றால், அதை உல்டா என்று ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வராது.

'கண்மணி அன்போடு காதலன்' பாடலாமா?

2024-க்குப் பிறகு மிக அதிகமாக வரும் கேள்வி இது. பாடலாம், ஆனால் கஷ்டம்.

1991-ல் 'குணா'வில் கமல்ஹாசனும் ஜானகியும் பாடியது. பாதிப் பாட்டு பேச்சு. அவன் கடிதம் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டு, எழுதியதைப் பாடிக்காட்டுகிறாள். எங்கள் கூடலில் இதைப் பாடிய ஏழெட்டுப் பேரும் பேச்சில்தான் விழுந்தார்கள். கமல் மாதிரிப் பேசிக்காட்டினால் அது மிமிக்ரி ஆகிவிடும், பேச்சை விட்டுவிட்டால் பாட்டு நொண்டும். ஒரே ஒரு கல்லூரிப் பெண் மட்டும் தப்பித்தாள். பேச்சுப் பகுதியைத் தன் அம்மாவுக்குப் போனில் சொல்கிற மாதிரிச் சொன்னாள். இடையிடையே சிக்னல் போகிற மாதிரி நிறுத்தி, 'கேக்குதாம்மா?' என்றாள். விடுதியில் இருக்கும் பெண்ணின் பாட்டாக அது மாறிவிட்டது.

2024-ல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் வருவது கவர் இல்லை, அதே பழைய ஒலிப்பதிவு. ஆனாலும் அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது மனிதர்களுக்குப் புரிகிற காதல் இல்லை என்று வரும் இடம், அங்கே பள்ளத்தில் விழுந்த நண்பனை மேலே தூக்கிக் கொண்டுவந்தவர்களுக்காக ஒலிக்கிறது. பாடியவர் மாறவில்லை, சுரம் மாறவில்லை, பாட்டுக்குள் இருக்கும் 'நான்' மட்டும் காதலனிலிருந்து நண்பனாகிவிட்டான். கவர் செய்யாமலே கவரின் வேலை நடந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். படத்தில் வரும், எங்கள் ஊரிலேயே இருக்கும் குணா குகைப் பக்கம் வேலியைத் தாண்டிப் போய்ப் பாடி வீடியோ எடுக்காதீர்கள். அங்கே விழுந்து இறந்தவர்கள் உண்டு.

மூலத்தைவிடக் கவர் நன்றாக அமைந்துவிட்டால் மூலத்துக்கு அவமரியாதை இல்லையா?

'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பாப் டிலன் 1967-ல் பாடியது. ஒற்றைக் கிடார், மவுத் ஆர்கன், பின்னால் அடக்கமாகப் பேஸும் டிரம்ஸும், கதை சொல்கிற குரல். அடுத்த வருஷமே ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதை எடுத்து, சொற்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் எலெக்ட்ரிக் கிடாரால் புயலைக் கொண்டுவந்தார். டிலன் சொன்ன காற்று, ஹெண்ட்ரிக்ஸில் அடித்தது. பிறகு டிலனே மேடையில் அந்தப் பாட்டை ஹெண்ட்ரிக்ஸ் பக்கம் சாய்த்துத்தான் பாடினார். எழுதியவரே அப்படி எடுத்துக்கொண்டபோது நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?

லெனார்ட் கோஹனின் 'ஹாலேலூயா' இன்னும் வேடிக்கையான பாதையில் வந்தது. 1984-ல் அவர் பாடியபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அவர் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த வரிகளிலிருந்து வேறு சிலவற்றைப் பொறுக்கி 1991-ல் ஜான் கேல் பியானோவோடு பாடினார். ஜெஃப் பக்லி 1994-ல் பாடியது கேலின் அந்த வடிவத்தை. இன்று உலகம் முழுக்கக் கிடார் பழகும் பிள்ளைகள் பாடுவது பக்லியுடையது. கவருக்குக் கவர், அதற்கும் கவர். இங்கே கிறிஸ்துமஸ் நேரத்தில் இதைக் கேரல் பாட்டு என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டு. முழுப் பாட்டையும் சொல் சொல்லாகப் படித்துவிட்டு, கோயிலில் பாடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

இளையராஜா பாட்டின் இடையிசையை ஒரு கிடாரை வைத்து என்ன செய்வது?

வயலின் கூட்டம் வாசித்ததை எல்லாம் ஒரே கிடாரில் பிடிக்கப் பார்க்காதீர்கள். ராஜா பாட்டில் பேஸ் கிடாருக்கென்று தனியாக ஒரு மெட்டு ஓடும். நாம் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருப்போம், எடுத்துவிட்டால் பாட்டு கூரை இல்லாத வீடாகிவிடும். அந்த ஒன்றை மட்டும் கண்டுபிடித்துத் தடித்த கம்பிகளில் வாசியுங்கள். மற்றதை வாயால் முனகலாம், அல்லது சும்மா விடலாம். எல்லோர் காதிலும் அந்த இடையிசை ஏற்கனவே இருக்கிறது, நீங்கள் நிறுத்தினால் அவர்கள் மனசுக்குள் அது ஓடும்.

பழக ஆரம்பிப்பவர்களுக்கு 'என் இனிய பொன் நிலாவே' நல்லது. 1980-ல் 'மூடுபனி'க்காக யேசுதாஸ் பாடியது. கிடாரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் பாடுவதாகவே அமைந்த பாட்டு என்பதால் கிடார் அங்கே விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர்.

எந்தச் சுருதியில் பாடுவது? குளிரில் எல்லாமே இறங்குகிறதே?

மூலப் பாட்டின் சுருதியை மறந்துவிடுங்கள். சினிமா டூயட்டில் ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் நடுவே ஒரு சமாதானச் சுருதியைப் பிடித்திருப்பார்கள். அதில் தனியாகப் பாடினால் யாராவது ஒருவர் கத்த வேண்டியிருக்கும். உங்களுக்கு ஒரு கட்டையோ ஐந்து கட்டையோ, பேசுகிற மாதிரிப் பாட முடிகிற இடத்தில் வையுங்கள். சுருதியை இரண்டு கட்டை இறக்கியதுமே சில பாட்டுகள் வேறு ஆளாகிவிடும். அறைகூவல் அந்தரங்கமாகிவிடும்.

குளிர் விஷயம் உண்மைதான். நாங்கள் இருப்பது சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும், அதனால் புல்லாங்குழலின் சுருதி இறங்கும். 30 டிகிரியில் இருந்த குழலை 12 டிகிரிக்குக் கொண்டுவந்தால், கணக்குப்படி அரைச் சுரத்தில் பாதி வரை போகும். வாசிக்க வாசிக்க மூச்சின் சூட்டில் கொஞ்சம் மீளும். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறிவந்த ஒரு குழல்காரத் தம்பி, தன் குழல் கெட்டுப்போய்விட்டது என்று பதறியது நினைவிருக்கிறது. கிடார் நேரெதிர். தெருக் குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும், பத்துப் பேர் உட்கார்ந்து அறை சூடேறியதும் இறங்கும். வந்தவுடன் சேர்த்த சுருதி முதல் பாட்டு முடியும்போது நிற்காது. தோல் வாத்தியங்களுக்கு மேகம் உள்ளே வந்தாலே போதும், ஈரம் குடித்துத் தொளதொளத்துவிடும். கீழே சமவெளியில் தண்ணீர் தடவித் தோலைத் தளர்த்தும் கஞ்சிராக்காரருக்கு மேலே அந்த வேலை மிச்சம். தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சுவது எதற்கென்று இங்கே ஒரு ஐப்பசி மாதம் இருந்தால் விளங்கும்.

கரோக்கே டிராக் போட்டுப் பாடலாமா?

எங்கள் கூடலில் வேண்டாம். ஒரு கல்யாண வரவேற்பில் நான் அப்படிப் பாடி, நடுவில் மின்சாரம் போய் டிராக் நின்றுவிட்டது. மேற்கொண்டு என்ன பாடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. பாட்டு என்னிடம் இல்லை, டிராக்கில்தான் இருந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பாட்டையும் முதலில் வெறும் குரலில்தான் பழகுகிறேன்.

விட்னி ஹூஸ்டன் 1992-ல் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வைக் கேளுங்கள். முதல் முக்கால் நிமிஷம் போல ஒரு வாத்தியமும் கிடையாது. டாலி பார்ட்டன் எழுதிப் பாடி 1974-ல் வெளிவந்தது, தன்னை வளர்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சியையும் கூடப் பாடியவரையும் விட்டு நன்றியோடு விலகும் பாட்டு. மென்மையான கிராமிய இசை. விட்னி வாத்தியங்களை எடுத்துவிட்டதும், வாசலில் நின்று விடைபெறும் ஒரு பெண் மட்டும் மிஞ்சுகிறாள்.

ஆண் பாட்டைப் பெண் பாடும்போது 'அவள்' என்பதை 'அவன்' என்று மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பெண் குரலில் 'அவள்' என்றே வந்தால் கேட்பவர் ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்வார். அந்தக் கணம் உங்களுக்கு வேண்டும். எதுகையும் கெடாது.

யூடியூபில் போட்டால் பிரச்சினை வருமா?

வரலாம். வீட்டில், டிக்கெட் இல்லாமல், ஆசைக்குப் பாடுவது ஒன்று. பதிவுசெய்து வெளியிடுவது வேறு. நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த 31சி பிரிவு கவர்களைப் பற்றியே பேசுகிறது. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. தொழில்நுட்பத்துக்குத் தேவைப்படாத எந்த மாற்றத்தையும் சொல்லிலோ மெட்டிலோ செய்யக் கூடாது. நான் எதற்காகக் கவரை விரும்புகிறேனோ அதற்குத்தான் சட்டம் தடை போடுகிறது என்பது எனக்கு வருத்தமே. ஆனால் பாட்டு எழுதியவர்கள் பட்ட பாட்டையும் நினைக்க வேண்டும். மேலே சொன்ன டாலி பார்ட்டனின் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். பதிப்புரிமையில் பாதி கொடுத்தால்தான் ஆகும் என்றார் அவருடைய மேலாளர். டாலி மறுத்துவிட்டார். அந்த முழு உரிமையும் கையில் இருந்ததால்தான் விட்னி பாடியபோது பலன் அவருக்கே வந்தது.

பதற்றம் இல்லாமல் பதிவிட வேண்டுமானால் பாரதியை எடுங்கள். அவர் எழுத்தின் உரிமையை 1949-ல் அரசே வாங்கிப் பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது. மெட்டை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், சினிமா மெட்டுக்கு உரிமை தனி.

உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு கவர்?

'கண்ணே கலைமானே'. 1982, 'மூன்றாம் பிறை', கண்ணதாசன் கடைசியாக எழுதிய பாட்டு. அடுத்த வருஷம் 'சத்மா'வுக்காக யேசுதாஸே அதே மெட்டை இந்தியில் பாடினார், அதுவும் அருமை. ஆனால் நான் சொல்வது அதை இல்லை.

மன்னவனூர்ப் பக்கமிருந்து பூண்டு விற்க வரும் ஒரு தாத்தா இரண்டு வருஷமாக எங்களோடு பாடுகிறார். படத்தில், நினைவு தவறிக் குழந்தையாகிவிட்ட பெண்ணைக் கதாநாயகன் தூங்கவைக்கப் பாடுவான். தாத்தாவின் மனைவிக்கும் நினைவு போய்விட்டது. இவரை யாரென்று தெரியாது, ஆனால் இந்தப் பாட்டுக்குத் தூங்குவார். வீட்டில் தினமும் பாடிப் பாடி, அவர் வாயில் அது வேறு வடிவம் எடுத்துவிட்டது. தாளம் கிடையாது. சரணத்தைப் பாடுவதில்லை, பல்லவியே திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் குரல் கொஞ்சம் தணியும். கடைசிச் சுற்றில் சொல் இருக்காது, மூக்கால் முனகுவது மட்டும். இவ்வளவு மெதுவாக ஏன் பாடுகிறீர்கள் தாத்தா என்று கேட்டேன். வேகமாப் பாடுனா முழிச்சுக்குவா கண்ணு என்றார்.

முதல்முறை வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு பாட்டு, மனப்பாடமாக. போனைப் பார்த்துப் படித்தால் கண் அங்கேயே நின்றுவிடும். மூலத்தை ஒரு வாரம் கேட்காமல் இருந்துவிட்டு வாருங்கள், மறந்துபோன இடங்களில் நீங்களாக எதையாவது போட்டு நிரப்பியிருப்பீர்கள், பெரும்பாலும் நாங்கள் கேட்க விரும்புவது அந்த இடங்களைத்தான். கம்பளிக் குல்லாய் வேண்டும். கடுங்காப்பி நாங்கள் தருகிறோம். மழைக்காலத்தில் கரண்ட் போவது சகஜம், மெழுகுவர்த்தி ஜன்னல் திட்டில் இருக்கும், பாடிக்கொண்டிருப்பவர் நிறுத்த வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் ஏற்றுவார்.